சாலையோர மண்

“ரோட்டோர மண்ண அள்ளி எங்க பொழப்புல போட்டது போதாதா மேடம்? வூடு தேடி வேற வரணுமா?”

குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற சண்முகப்ரியாவைப் பார்த்ததும் சுதாகர் பொரிந்து தள்ளினான். அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

நெய்வேலி வழியாக ஈயத் தாது ஏற்றிப் போகும் லாரிகளில் ஒன்றை ஓட்டும் காண்ட்ராக்ட் டிரைவர் அவன். பிள்ளைகளுக்கு நஞ்சான அந்தத் தாதுத் தூசி ஊருக்குள் படிகிறதா என்று சோதிக்க வந்த அதிகாரி அவள். கம்மாபுரம் பக்கம் வழிநெடுக மண் எடுத்தாள். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் ரத்தத்தையும் பரிசோதித்தாள். முடிவு வரட்டும் என்று பாதி லாரிகளை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது தன் லாரிதான் என்று சுதாகருக்குத் தூக்கமே இல்லை.

“ரிசல்ட் வந்துடுச்சுண்ணே. ரோட்டோர மண்ணுல பயப்படுற அளவுக்கு ஒண்ணுமில்ல. தார்ப்பாய் நல்லா இழுத்துக் கட்டித்தான் ஓட்டுறீங்க.”

“இதத்தான தலபாடா அடிச்சிக்கினேன்! யாரு கேட்டீங்க?”

“ரோட்டோரம் இருக்குற பிள்ளைங்களுக்கும் ஒண்ணுமில்ல.”

“அப்புறம் என்னங்க? லாரிய வுட வேண்டியதுதான?”

சண்முகப்ரியா தயங்கினாள். “ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் ரத்தத்துல ஈயம் அதிகமா இருக்கு. அந்தப் பிள்ளை வீடு ரோட்டுப் பக்கமே இல்ல. அதான் குழப்பமா இருந்துச்சு.”

சுதாகரின் கோபம் சற்றுத் தணிந்தது. “பாவம். பொம்ம, பெயிண்டுனு எதுலனா வந்துருக்கும். அதையும் எங்க லாரி மேல போட்றாதீங்க.”

“லோடு இறக்கும்போது நீங்க கூடவே நிப்பீங்களாண்ணே?”

“நிக்காம? அங்க தூசிலதான் குளியலே.”

“சட்டைய மாத்திட்டு வருவீங்களா?”

“மாத்த எடம் ஏதுங்க? இப்பிடியேதான் வருவேன். அத வுடுங்க, யாரு அந்தப் பிள்ள?”

அவள் வாய் திறப்பதற்குள், “அப்பா!” என்று கூவிக்கொண்டு உள்ளேயிருந்து இளவேனில் ஓடி வந்தாள். வழக்கம்போல மகளை வாரித் தூக்கக் குனிந்தான் சுதாகர்.

சண்முகப்ரியா சட்டென்று குறுக்கே புகுந்து குழந்தையைப் பிடித்துக்கொண்டாள்.

“குளிச்சிட்டு வந்து தூக்குங்கண்ணே,” என்றாள். “இவதான் அந்தப் பிள்ளை.”