வெயில் மீன்

கம்சாயினியின் வெயில் மீனை ஆடு பழுதாக்கிவிட்டது, அதுவும் கடைசி நாளில். பழி ஜூஸ் கடை துசாந்தனுக்குத்தான். அவன் வீசிய பழத்தோலைத் தின்ன வந்த ஆடு அது.

மட்டக்களப்பு வாவிக்கரையில், அவன் கடைக்கு எதிரேதான் அந்த மீன் இருந்தது. இரண்டு பலகைகள், மேலே கண்ணாடிகள். பலகைகளை மிதித்தால் கண்ணாடி திரும்பி, வெயில் வெள்ளைச் சுவரில் மீன் வரையும். "இருவர் ஒன்றாக ஏறவும்" என்று எழுதியும் வைத்திருந்தாள்.

கம்சாயினி கொழும்பில் பல்கலைக்கழகத்தில் சித்திரம் படிக்கிறவள். இதைப் பொருத்த வந்த அன்று அவன் கடையில்தான் தோடம்பழ ஜூஸ் குடித்தாள். மறுநாளே கூப்பிட்டாள்.

"துசாந்தன், ஒருக்கா வாங்களன். மற்றப் பலகைக்கு ஆளில்ல."

இடப்பக்கப் பலகையில் பெயின்ற் காயாமல் அவன் செருப்பில் நீலம் ஒட்டிக்கொண்டது. அதை இன்னும் கழுவவில்லை, பைத்தியக்காரன். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவள் கூப்பிடுவாள், அவன் கடையைப் போட்டது போட்டபடி ஓடுவான்.

நாளை எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறாள். இன்றைக்கு மனதில் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று, ஜூஸ் மெஷின் உறுமும் சத்தத்தில் ஒத்திகைகூடப் பார்த்திருந்தான்.

அப்போதுதான் ஆடு வலப்பக்கப் பலகையில் ஏறியது. சுவரில் முழு மீன். ஆட்டைத் துரத்திவிட்டுத் தானே ஏறினான், அப்போதும் முழு மீன். இடப்பக்கப் பலகையை மிதித்தான். ஒன்றுமே வரவில்லை.

கம்சாயினி வந்ததும் ஒத்திகை எல்லாம் மறந்துபோயிற்று.

"ஆடு ஏறி உங்கட மீன் பழுதாப் போச்சு. ஒராள் ஏறினாலே முழுசா விழுகுது. நான் நிக்கிற பலகை வேலை செய்யுதில்ல."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். "ஆட்டுக்கு விளங்கிட்டு. உங்களுக்குத்தான் இன்னும் விளங்கல்ல."

"பகிடி விடாதீங்க. கொழும்பில கேட்டா என்ன சொல்லுவீங்க? ஆரையும் கூட்டி வந்து திருத்தித் தரட்டா?"

"திருத்த ஒண்டுமில்ல. நான் செஞ்சு கொண்டு வந்தது ஒரு பலகைதான்."

"அப்ப மற்றது?"

"உங்கட கடையில ஜூஸ் குடிச்சாப் பிறகு வெச்சது."