கதவெல்லாம் சுண்ணாம்பு

“தலைவரே, ஆள் அம்புட்டிருச்சு! ஓடி வாங்க!”

வடிவம்மா போட்ட கூச்சலில் நல்லையா போர்வையை உதறிவிட்டு ஓடினார். விடிந்தும் விடியாத நேரம். ஹல்துமுல்லைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசை, அந்த லயம், மூன்று நாளாக மழைக்கும் பனிக்கும் உள்ளேயே கிடந்தது.

ஒரு வாரமாக அங்கே யாருக்கும் சரியான தூக்கமில்லை. காலையில் எழுந்தால் கதவுப் பலகையில் சுண்ணாம்பு எழுத்து. நாலு இங்கிலீஷ் எழுத்து, ஒரு பொட்டு, ஒரு சாய்ந்த கோடு, ஒரு ஏழு. எல்லாக் கதவிலும் அதேதான். மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுநாள் மறுபடியும் இருக்கும். விவரம் தெரிந்த இளசுகள் எல்லாம் கொழும்பில். முதல் எழுத்து விழுந்த அன்றே வடிவம்மாவின் பசு செத்துப்போக, செய்வினைதான் என்று தோட்டத் தலைவர் நல்லையாவே முடிவு கட்டிவிட்டார். அவருக்கும் உள்ளூர நடுக்கம்தான்.

பிடிபட்டவள் யாரென்று பார்த்தார். கடைசிக் காம்பரா வீட்டுச் சுதர்சினி! பதுளையில் மண்சரிவு எச்சரிக்கை இணையத்தளம் நடத்தும் தொண்டு நிறுவனத்தில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். கையில் சுண்ணாம்புச் சட்டியோடு நின்றாள்.

“பொறந்த லயத்துக்கே செய்வினையா புள்ள?”

“இல்லீங்க தலைவரே. எங்க சைட்டோட தமிழ்ப் பக்கத்து அட்ரஸ் இது. போன்ல அடிச்சுப் பாருங்க.”

“அதுதான் கூகுள்ல தேடினா வருமே!” என்றார் நல்லையா.

“சிங்களத்துல தேடினா வரும். தமிழ்ல வராது. அந்தப் பக்கத்தோட தமிழ் இதுதான்னு கூகுளுக்குக் குறிச்சுக் காட்டணும். அதப் போடாமலே விட்டுட்டாங்க. பக்கம் இருக்கு, யார் கண்ணுலயும் படாது.”

“நல்லா கதை விடுறா!” என்றாள் வடிவம்மா.

நல்லையா தமிழில் ‘மண்சரிவு எச்சரிக்கை’ என்று தேடினார். எங்கெங்கோ நடந்த பழைய செய்திகள்தான் வந்தன. பிறகு கதவைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

பக்கம் சிவப்பாகத் திறந்தது. அவர்கள் தோட்டத்தின் பெயர். அவர்கள் லயத்தின் இலக்கம். ‘உடனே வெளியேறவும்.’ போட்டது அன்று காலை ஐந்து மணிக்கு.

அப்போது மணி ஐந்தரை. லயத்துக்குப் பின்னால், பனிக்குள், மலை முனகுவது கேட்டது.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் கோயில் மேட்டுக்கு ஓடினார்கள். வழக்கமாக வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் பாதி லயம் மண்ணுக்குள் இருந்தது. ஒரு உயிரும் போகவில்லை.

வடிவம்மா சுதர்சினியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நல்லையா அவளைத் தனியே அழைத்தார்.

“இத மொதல்லயே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாமே புள்ள? எதுக்கு இப்படித் திருட்டுத்தனமா எழுதின?”

சுதர்சினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சொன்னா, ‘தமிழ்ல தேடினா வருது, நானே பாத்தேன்’னு தேடிப் பாக்காமலே எங்க ஆபீசுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த தலைவர் யாருன்னு லயமே கேட்டிருக்கும், தலைவரே.”