பேச்சு வராத பேட்டரி

பேட்டரி பேசவில்லை.

லேப்டாப் திரையைப் பார்த்தபடி நாச்சிமுத்து உதட்டைப் பிதுக்கினார்.

காரைச் சரிசெய்ய வந்திருந்த அவன் குனிந்து அதன் அடியில் எட்டிப் பார்த்தான். கட்டில் அளவுக்குப் பேட்டரி. ஒரு நூல் பிசகாமல் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. போல்ட்டெல்லாம் ஏறியாயிற்று.

கார் மட்டும் எழவில்லை.

"உக்காந்தாப் போதுங்களா மாப்ள? ரெண்டும் பேசிக்கோணும். வண்டி 'நீ யாரு'ன்னு கேக்கும். பேட்டரி பதில் சொல்லோணும். இது வாயே தொறக்க மாட்டீங்குது."

சூலூர் தாண்டி, அடிபட்ட கரண்ட் கார்களைப் பிரித்து விற்கும் கொட்டகை அது. நாச்சிமுத்து அவன் மனைவிக்குப் பெரியப்பா மகன். புதுப் பேட்டரி வாங்குவதும் புதுக் கார் வாங்குவதும் ஏறக்குறைய ஒன்று என்பதால் அவன் இங்கே வந்திருந்தான். பாலத்தில் மோதிய கார் ஒன்று கிடைத்தது. முகம் போய்விட்டது, அடிவயிறு முழுசாக இருந்தது. அதே கம்பெனி. அதே மாடல். அதே நிறம்கூட.

பேசுவதில்தான் சிக்கல்.

இந்தத் தொழிலில் அது சகஜம். கொச்சியிலிருந்து வந்த பேட்டரி ஒன்று நாள்கணக்கில் ஊமையாகக் கிடந்ததாம். டயர் கடை வர்கீஸ் ஒருநாள் அதன் பக்கத்தில் நின்று ஊருக்கு போன் போட்டு மலையாளத்தில் பேசியிருக்கிறார். பட்டென்று விளக்கு எரிந்தது. நாச்சிமுத்து பொய் சொல்கிற ஆள் இல்லை. இதைச் சொன்னபோது சிரிக்கவும் இல்லை.

அவன் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

மனைவி வசந்தாமணி பிளாஸ்டிக் நாற்காலியில், அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

வண்டி அவள் பெயரில் இருந்தது. உரிமையாளர் நேரில் வராமல் பழைய பேட்டரி ஏற்றுவதில்லை என்பது கொட்டகைச் சட்டம். அதனால் வந்தாள். கார் லாரியில் வந்தது. அவன் பஸ்ஸில் வந்தான். அவள் அதற்கு அடுத்த பஸ்ஸில் வந்தாள்.

தை மாதத்திலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை.

அவள் தங்கை மகளுக்குக் காங்கேயத்தில் கல்யாணம். பஸ்ஸில் போய்விடலாம் என்றாள். சார்ஜ் தாராளமாக இருக்கிறது என்றான். பாதி வழியில் பேட்டரி செத்து, கார் படுத்துவிட்டது. விருந்துப் பாத்திரங்களைத் திரும்ப எடுத்துவரப் போன வேன் ஒன்று அவளை ஏற்றிக்கொண்டது.

கல்யாண வீடியோவில், கை கழுவும் இடத்தில் மட்டும் அவள் வருகிறாள்.

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. சோறு வெந்ததைக் குக்கர் சொன்னது. சிலிண்டர் தீர்ந்ததை மட்டும் அவள் பக்கத்து வீட்டு நாயிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு போய் மாற்றினான். நாய் பொறுப்பாகத் தலையாட்டியது.

கார் ஓடினால் அவள் பேசிவிடுவாள்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பேட்டரி அவனுக்கு வேண்டியிருந்தது அதற்குத்தான். மற்றபடி எங்கும் போகிற உத்தேசம் அவனுக்கு இல்லை.

நாச்சிமுத்து ஒரு வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். கார் 'டிங்' என்றது.

அணைந்தது.

"அம்மிணி, இது ஆகறாப்ல தெரியல. உன்ற வூட்டுக்காரருகிட்டச் சொல்லிப்போடு."

விஷயம் தெரியாத மனிதர்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்து அவன் முன்னால் நின்றது. காருக்கு இப்போது அவள் முதுகு.

"ஏனுங்க."

அவன் பக்கத்தில் நாய் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டான். இல்லை.

"உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? ஒரு சட்டை எடுக்கறதுக்கு ஒம்பது கடை ஏறி எறங்குவீங்க. கட்டிலாட்டம் பேட்டரி, அது பேசுமா பேசாதான்னு கேக்க மாட்டீங்களா? அன்னைக்கே பஸ்ஸுல போலாம், பஸ்ஸுல போலாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? என்ற தங்கச்சி புள்ளைக்குத் தாலி ஏறறதப் பாக்காம, பாத்தர வண்டியில போயி எறங்கினனுங்க நானு!"

கோயம்புத்தூர்த் திட்டு. ஒரு 'ங்க' குறையவில்லை.

தையில் தேங்கியது முழுக்க வெளியே வந்தது. பிறகு மாசி. அவன் பாலைப் பொங்க விட்டது. பிறகு பங்குனி. ஈரத் துண்டை மெத்தைமேல் போட்டது, கேட்டை வெறுமனே சாத்திவிட்டு ஊருக்குப் போனது. எதையும் அவள் மறந்திருக்கவில்லை.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளத்தான் பெரும்பாடு பட்டான்.

சித்திரைக்கு வந்திருந்தாள்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் காரின் திரை ஒளிர்ந்தது. பச்சையாக. நிலையாக. நாச்சிமுத்து வாயெல்லாம் பல்லாக, கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, சொல்ல வாயெடுத்தார்.

அவன் தலையைச் சொறிகிற சாக்கில் கையை உயர்த்தினான்.

அணைக்கச் சொல்லி விரலைத் திருகிக் காட்டினான்.

வைகாசி இன்னும் பாக்கி இருந்தது.