சில்வானர் விழாவில் ஒரு முந்திரிக்கொட்டை

"இந்த வருஷம் நீங்க உள்ளே வரக் கூடாது" என்றாள் ரைன்ஹில்ட், நிலவறை வாசலில் கையைக் குறுக்கே நீட்டி.

பர்க்ஹார்ட் சிரித்தார். "ஏன்மா? செருப்பைத் துடைச்சுட்டுத்தானே வந்திருக்கேன்."

"விளையாடாதீங்க. விழாக் குழுவுல நாங்க எடுத்த முடிவு. போன வருஷம் ஒன்பது பேர் உங்க மேல புகார் எழுதியிருக்காங்க."

மைன் நதிக்கரையில் இருக்கும் அந்த ஊரில் மே மாத விழாவுக்கு ஒரே விருந்தாளிதான், சில்வானர் திராட்சை. பன்னிரண்டு தோட்டக்காரர்கள், பன்னிரண்டு ஒயின்கள், எல்லாமே சில்வானர். "எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கும்?" என்று முதல் வருஷம் கேட்டவர்கள், அடுத்த வருஷம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

காரணம் ஓட்மார் க்ராஃப். எழுபத்து மூன்று வயது. கிளாஸ் கிளாஸாக முகர்ந்து, இதில் பேரிக்காய், இதில் காய்ந்த புல், இதில் மழையில் நனைந்த கல் என்று சொல்லிக்கொண்டே போவார். அவர் சொன்ன பிறகு முகர்ந்தால் நமக்கும் அந்த வாசனை வரும். அந்த ஒரு மணி நேரத்துக்கான சீட்டு பிப்ரவரியிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டு வருஷமாகத்தான் இந்தத் தொல்லை. பக்கத்துத் தோட்டத்து பர்க்ஹார்ட் அவருடைய இடது பக்கம் ஒட்டி நின்றுகொண்டு, ஓட்மார் கிளாஸிலிருந்து மூக்கை எடுப்பதற்குள் "பேரிக்காய்", "புல்லு" என்று உளறிவிடுகிறார்.

"ஜனங்க அவர் பேச்சைக் கேக்க வர்றாங்க. உங்க பேச்சை இல்ல."

"எனக்கும் மூக்கு இருக்கே, ரைன்ஹில்ட்."

"உங்க மூக்கு எதுக்கு அங்க நுழையுதுன்னு ஊருக்கே தெரியும். அவர் பக்கத்துல நின்னு வாயடிச்சா உங்க சரக்கு கூட நாலு பெட்டி போகும்."

பர்க்ஹார்ட் சிரிப்பதை நிறுத்தினார். "இன்னிக்கு ஒரு நாள் விடும்மா. ஓரமா நின்னுக்கறேன்."

"ஓரமா நின்னு கத்தறதுக்கா?"

கதவைச் சாத்திவிட்டாள்.

உள்ளே முப்பது பேர். ஓட்மார் முதல் கிளாஸை முகர்ந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஆப்பிள்" என்றார். "பச்சை ஆப்பிள்."

முப்பது மூக்குகள் குனிந்து நிமிர்ந்தன. குறுக்கே பேச ஆள் இல்லை. இரண்டாவது கிளாஸும் அப்படியே அமைதியாகப் போனது. எடுத்த முடிவு சரிதான் என்று ரைன்ஹில்ட் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் அவள் முகம் சுளித்தாள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை. தக்கை கெட்டு, பாட்டிலில் இருந்ததையும் கெடுத்திருக்கிறது. அந்த ஊரில் பிறந்த எவரும் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓட்மார் பாட்டிலைத் திருப்பி அனுப்பட்டும் என்று காத்திருந்தாள்.

ஓட்மார் கண்ணை மூடி நீளமாக முகர்ந்தார்.

"பேரிக்காய். நல்லாப் பழுத்த பேரிக்காய். ஹெல்முட் தோட்டத்து ஒயின்ல எப்பவும் இருக்குமே, அதேதான்."

"ஆமாங்க" என்றார் நியூரம்பெர்க்கிலிருந்து வந்திருந்த பல் டாக்டர். "பேரிக்காய்த் தோப்புக்குள்ளயே நிக்கிற மாதிரி இருக்கு."

அவர் மனைவி, கொஞ்சம் தேனும் இருப்பதாகச் சொன்னாள்.

ஓட்மார் கூட்டத்தைப் பார்க்கவில்லை. தன் இடது பக்கம் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

ரைன்ஹில்டும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள்.

பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மன்னிச்சுக்கங்க. எனக்கு என்னவோ ஈரக் காகிதம் மாதிரி அடிக்குது. இது கெட்டுப்போனது இல்லையா?"

எல்லோரும் ஓட்மாரைப் பார்த்தார்கள். அவர் கிளாஸை இன்னொரு தடவை மூக்கருகே கொண்டுபோனார்.

"அப்பாடா, ஒருத்தராவது தேறினீங்களே" என்றாள் ரைன்ஹில்ட் சத்தமாக. "ஓட்மார் ஐயா வருஷாவருஷம் நடுவுல ஒரு கெட்ட பாட்டிலை வெச்சிடுவார். பேரிக்காய்னு ஒரு பொய்யும் சொல்வார். எத்தனை பேர் சொந்த மூக்கை நம்பறாங்கன்னு பார்க்கத்தான்."

கூட்டம் சிரித்தது. பல் டாக்டர் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். போன வருஷமும் வந்திருந்த இரண்டு பேர், "ஆமா, ஆமா, போன தடவையும் செஞ்சார்" என்றார்கள்.

ஓட்மார் மட்டும் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

"வேற பாட்டில் கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரைன்ஹில்ட் வெளியே வந்தாள். பர்க்ஹார்ட் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை நாளா?"

யாரைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. "ரெண்டு வருஷமா. அந்தக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து. காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியல அவருக்கு. நான் சொல்றதைக் காதுல வாங்கி, அதை அவர் பாணியில அழகாச் சொல்வார்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்ட சொன்னா குழுவுக்குப் போகும். குழு ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடும். மனுஷனுக்கு வருஷத்துல இருக்கிறதே இந்த ஒரு நாள்தான்."

ரைன்ஹில்ட் கதவைத் திறந்துவிட்டாள். அவர் எழுந்து வரும்போது அவளுக்கு ஒன்று உறுத்தியது.

"கடைசி கிளாஸ் உங்க ஒயினாச்சே. அதுக்கும் நீங்கதான் எடுத்துக் கொடுக்கறீங்களா?"

"அதுக்கு மட்டும் நான் வாயைத் திறக்கிறதில்ல" என்றபடி பர்க்ஹார்ட் அவளைத் தாண்டி உள்ளே போனார். "பழைய ஞாபகத்துல அவரே, 'வெறும் புளிப்பு'ன்னு சொல்லிடுவார்."