பிஸ்டனில் விழுந்த ஓட்டை

"புது பிஸ்டன் மெட்ராஸ்ல இருந்து வந்துருச்சு தவசி. மறுபடியும் அந்த டர்போவை மாட்டு. இந்தத் தடவை நல்ல டிரைவராப் பார்த்து வச்சிருக்கேன். அந்தப் பேச்சிமுத்து மாதிரி எஞ்சினைக் கொல்ற பய இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார் ஏலக்காய் எஸ்டேட் முதலாளி ஜக்கையன். மெக்கானிக் தவசிக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்கெனவே பளபளத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது அந்தச் சிவப்புக் கார். இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய சீமைக் கார். மலையைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு துரையிடம் ஜக்கையனின் அப்பா வாங்கியது. சமதரையில் சீறும். போடிமெட்டு மலை ஏறச் சொன்னால் மட்டும் இளைக்கும்.

"மேல போகப் போகக் காத்து கம்மி. கார்புரேட்டர் என்ன செய்யும் பாவம்" என்று சொன்ன தவசிதான், இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் போய்ப் பழைய டர்போ ஒன்றை வாங்கி வந்தார். வெளியே போகிற புகையின் வேகத்தில் சுழன்று, கார்புரேட்டருக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சாதனம் அது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டுமே என்று, கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் ஜெட்டின் துளையைத் தன் கையாலேயே பெரிதாக்கினார். அவரே ஓட்டிப் பார்த்த இரண்டு தடவையும் கார் மூச்சு வாங்காமல் மெட்டைத் தொட்டது. டீக்கடையில் 'டர்போ தவசி' என்று பேர் விழுந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது தடவை, டிரைவர் பேச்சிமுத்து முதலாளியை உட்கார வைத்து ஓட்டினான். பாதி மலையில் டமார். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

'ஜெட் துளை போதவில்லை. பெட்ரோல் போதாமல் சூடேறிப் பிஸ்டன் உருகிவிட்டது' என்று தவசிக்கு உடனே பட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"கியரை மாத்தாம மிதிச்சிருக்கான் முதலாளி."

பேச்சிமுத்து எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "என் தப்புதான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

தவசியின் மானத்தைக் காப்பாற்றத்தான் அவன் பழியை ஏற்றுக்கொண்டான் என்ற நினைப்பு அவரை இரண்டு வருடமாக அரித்தது. அவன் நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேலை போய், குரங்கணி மலைக் கிராமத்தில் கழுதைகளில் மூட்டை ஏற்றிப் பிழைக்கிறவன், பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பொட்டலம் ஏலக்காய் வேறு கொடுத்தனுப்பினான். அதைப் பிரிக்கவே தவசிக்குக் கை கூசும்.

"என்னய்யா, பதிலைக் காணோம்?" என்றார் ஜக்கையன்.

தவசி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பேச்சிமுத்து மேல தப்பில்ல முதலாளி. ஜெட்டை நான்தான் சரியாத் தொளைக்கல. பட்டறைப் பேரு கெட்டுருமேன்னு அவன் தலையில போட்டுட்டேன்."

பட்டறையில் வேலை நின்றது. வண்டியை ரிப்பேருக்கு விட வந்திருந்த நாலைந்து பேர் தவசியையே பார்த்தார்கள். ஜக்கையனுக்கு முகம் சிவந்தது.

"ஒரு குடும்பத்தை ரெண்டு வருசம் சீரழிய விட்டுட்டியே. எஸ்டேட்டு ஜீப்பு, லாரி எதுவும் இனி இந்த வாசலுக்கு வராது. நீயே போய் அவனைக் கூட்டிக்கிட்டு வா. அவன் வேலை அவனுக்கு உண்டு."

எஸ்டேட் வண்டிகள் வராவிட்டால் பட்டறையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். தவசி வாடகை ஜீப்பைப் பிடித்துக் குரங்கணி போய்ச் சேர்ந்தார்.

பேச்சிமுத்து வீட்டு வாசலில் காப்பி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். தவசியைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போனது.

"வாங்கண்ணே" என்றவன், குனிந்து அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

அவன் மனைவி ராக்குதான் பால் விடாத கட்டன் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். "போடிச் சந்தைக்கு வந்தாக்கூட உங்க தெருவுக்குள்ள கால் வைக்க மாட்டேங்கிறாருண்ணே. சுத்திக்கிட்டுத்தான் போறாரு."

தவசி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மளமளவென்று சொல்லி முடித்தார்.

"முதலாளிகிட்ட உண்மையச் சொல்லிட்டேன் பேச்சிமுத்து. எஞ்சின் போனது என்னால. என் தோலைச் செருப்பாத் தச்சுப் போட்டாலும் நீ செஞ்சதுக்கு ஈடாகாது. வெரசாக் கெளம்பு. உன் டிரைவர் வேலை காத்துக்கிட்டு இருக்கு."

ராக்கு உள்ளே ஓடிப்போய், பெட்டியிலிருந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்துவந்து உதறினாள். பேச்சிமுத்து அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாரும் இருக்கையிலயாண்ணே சொன்னீங்க?"

"ஆமா. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

"அப்ப எஸ்டேட்டுச் சோலி?"

"போச்சு. போகட்டும்ப்பா. உனக்குச் செஞ்ச பாவத்துக்கு இது கம்மி."

மூட்டையை அப்படியே போட்டுவிட்டுப் பேச்சிமுத்து தவசியின் காலில் விழுந்தான். தவசி பதறிப் பின்வாங்கினார்.

"நான் விழ வேண்டிய இடத்துல நீ விழுறியே. எந்திரிப்பா."

அவன் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"உங்க ஜெட்டுல ஒரு குத்தமும் இல்லண்ணே. டேங்குல பாதிப் பெட்ரோலை எடுத்து வித்துட்டு, அளவு கொறைஞ்சது தெரியாம இருக்க ரேஷன் மண்ணெண்ணெயை ஊத்தி வச்சது நான்தான்."