மஞ்சள் படியாத இடம்

கரும்பு வெட்டிய காட்டில் சோகையை, காய்ந்த தோகையைக் கொளுத்த மாட்டேன் என்று கம்பைநல்லூர்ப் பக்கம் முதலில் சொன்னவள் அமுதவல்லி. போன வருஷப் புகையில் மூச்சு வாங்கிப் படுத்துக் கிடந்தவள். அவள் பேச்சுக்காக இந்த வருஷம் ஊரே நெருப்பு வைக்கவில்லை. ஆனாலும் அவள் வீட்டு மாடியில் ஆராய்ச்சிக்காக வைத்த, காற்றை இழுத்து வெள்ளைத் தாளில் வடிகட்டும் கருவியில் தாள் மஞ்சளாகவே வந்தது.

"இது சருகு எரிஞ்சா வர்ற மஞ்சளுங்கக்கா. நைட்ரோ அரோமேட்டிக் சேர்மம்," என்றாள் ஆராய்ச்சி மாணவி தேவிப்பிரியா, சங்கடத்தோடு.

பக்கத்துக் காட்டு மாதவராஜ் சிரித்தார். "எங்களத் தடுத்துட்டு நீ திருட்டுத்தனமாக் கொளுத்தறயா? நாளைக்கு நாங்களும் பத்த வெக்கறோம் பாரு."

ஒரு கணம் அமுதவல்லிக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. அப்படி வந்ததுதான் அவளுக்குக் கோபம்.

"புதுத் தாளப் போடு கண்ணு. எப்படி வருதுன்னு நானும் பாக்கறேன்."

மறுநாள் காலையிலிருந்து கருவிக்கு முன்னால், இடுப்பில் கையூன்றி, வெயிலில் தனியாக நின்றாள். மாதவராஜ் எதிர்மாடியிலிருந்து காவல் பார்த்தார். எங்கும் புகை இல்லை.

சாயங்காலம் தேவிப்பிரியா தாளை எடுத்தாள். உள்ளங்கை அளவு வட்டம், மஞ்சள். நடுவில், இடுப்பில் கையூன்றிய பெண்ணுருவம் ஒன்று வெள்ளையாக விட்டுப்போயிருந்தது. அந்த உருவத்துக்கு இரண்டு பக்கமும், தாளின் விளிம்பு வரைக்கும், பெரியவர்களும் பிள்ளைகளுமாக வெள்ளை உருவங்கள் தோளோடு தோள் உரசி நின்றன.

மாதவராஜ் தாளைப் பார்த்தார். பிறகு வெறும் மாடியைப் பார்த்தார்.

"நாளைக்கும் தாளப் போடு கண்ணு," என்றாள் அமுதவல்லி. "நாங்க நிக்கறோம்."