பாட்டிலைக் கவிழ்த்த டீச்சர்

"ஏண்டி, கடைசி பெஞ்சுல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்களே, யாருன்னு தெரியுமா?"

சரித்திர டீச்சர் பிசிக்ஸ் டீச்சரின் காதோடுதான் கேட்டாள். ஆனால் முன்வரிசைப் பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்டது. அவளுடைய ரகசியங்கள் எப்போதும் அந்தச் சத்தத்தில்தான் இருக்கும்.

"இன்னைக்குப் பெத்தவங்க வந்து வகுப்பைப் பார்க்கிற நாள்க்கா. யாரோ ஒருத்தரைப் பெத்தவங்க."

"உனக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையைப் பெத்தவங்கடி. பேரனை இங்க சேர்க்கணும்னு பொய் சொல்லிட்டு உன்னைப் பார்க்க வந்திருக்காங்க. பிடிச்சுப்போச்சுன்னா அடுத்த மாசமே கல்யாணம். ஏடாகூடமா எதுவும் செஞ்சு வெச்சிடாதே."

"சரிக்கா" என்றாள் அவள், அடுத்த பீரியடு எந்த வகுப்புக்கு என்று கேட்டுக்கொண்டதைப் போல அலட்டிக்கொள்ளாமல்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே சரித்திர டீச்சர்தான். பள்ளியில் எல்லார் வீட்டுச் சரித்திரமும் அவளுக்கு அத்துபடி. அதில் ஒரு பக்கமாவது தன் கையால் எழுதிவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பெண்ணின் அப்பா கேட்டவுடன் தலையாட்டிவிட்டார். பையனின் அப்பா பாத்திரக் கடைக்காரர். "நேர்ல தட்டிப் பார்க்காம நான் எதையும் எடுக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

சரித்திர டீச்சர் போய் அவர்கள் பக்கத்திலேயே இடம் பிடித்தாள். கடைக்காரரின் மனைவி மடியில் உப்பலாக ஒரு பை. ஒரு வகுப்பைப் பார்க்க வந்தவளுக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு?

"உள்ள என்னங்க, ஊருக்குக் கீருக்குப் போறீங்களா?"

"இல்லைங்க, சும்மா கைக்கு இருக்கட்டும்னு" என்று அந்த அம்மாள் ஜிப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.

பிசிக்ஸ் டீச்சர் அகல வாய் பாட்டில் ஒன்றில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, வாயில் ஒரு அட்டையை வைத்துக் கவிழ்த்தாள். கையை எடுத்தாள். அட்டை விழவில்லை.

"ஈரத்துல ஒட்டியிருக்கும்" என்றார் கடைக்காரர்.

அவள் அட்டையையும் மெல்ல உருவினாள். பாட்டில் தலைகீழாக, வாய் திறந்தபடி நின்றது. ஒரு சொட்டு விழவில்லை.

பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் பாதி எழுந்துவிட்டார். "நான் விக்காத பாத்திரமா? கவிழ்த்தா கொட்டித்தானே ஆகணும்?"

"வாயில கொசுவலை இழுத்துக் கட்டியிருக்கேன் சார். ஒவ்வொரு ஓட்டையிலயும் தண்ணி தோல் மாதிரி இறுகிக்குது. கீழேருந்து காத்து வேற தாங்குது. நேரா பிடிச்சிருக்கிற வரைக்கும் விழாது." பாட்டிலை நிமிர்த்தி மறுபடி அட்டையால் மூடினாள். "இப்ப யாராவது தலையைக் குடுக்கிறீங்களா?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவளோ கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "அம்மா, நீங்க வாங்களேன்."

சரித்திர டீச்சர் எழுந்து தடுக்கப் பார்த்தாள். ஆனால் அந்த அம்மாள் எப்போதோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டிருந்தாள். விறுவிறுவென்று போய் நின்றாள்.

"நம்ம வீட்டு ஆளுக்குத் தைரியம் ஜாஸ்தி" என்றார் கடைக்காரர் பெருமையாக.

பாட்டில் கவிழ்ந்தது. அட்டை விலகியது. நரைத்த வகிட்டுக்கு ஒரு சாண் மேலே அத்தனை தண்ணீரும் அந்தரத்தில் நின்றது.

"டீச்சர், சாய்ச்சா என்ன ஆகும்?" என்றாள் ஒரு மாணவி.

வேண்டாம் என்று சரித்திர டீச்சர் கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள், கண்ணை உருட்டினாள். பிசிக்ஸ் டீச்சர் அதையெல்லாம் நிதானமாகப் பார்த்தாள்.

"சாய்ச்சா இப்படித்தான்" என்று சாய்த்தாள்.

மொத்தமும் கொட்டியது. புடவை நுனியிலிருந்து தரையில் சொட்டுவது மட்டும் கேட்டது.

கடைக்காரர் துள்ளி எழுந்து மனைவியிடம் வந்தார். "மாமியார்னு தெரியாதப்பவே இந்தப் பாடு. தெரிஞ்சா என்னென்ன செய்வா? இந்தச் சம்பந்தம் வேண்டாம். நான் போய் வண்டியை எடுக்கிறேன், நீ துடைச்சிக்கிட்டு வா."

சரித்திர டீச்சர் அவர் பின்னாலேயே வாசல் வரை ஓடிப் பார்த்தாள்; அவர் நிற்கவில்லை. அந்த அம்மாளின் காலைப் பிடித்தாவது சமாதானம் செய்யலாம் என்று பிசிக்ஸ் டீச்சர் அவளைத் துடைத்துவிட அழைத்துப்போயிருந்த லேப் பின்னறைக்கு ஓடினாள். கதவு ஒருக்களித்திருந்தது. வழக்கம்போல, தட்டுவதற்கு முன் எட்டிப் பார்த்தாள்.

உப்பலாக இருந்த பையிலிருந்து முதலில் ஒரு துண்டு வந்தது. பிறகு மடித்த புடவை, ரவிக்கை. பிசிக்ஸ் டீச்சர் அந்த அம்மாளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே அவர் உன் பேச்சையே எடுக்க மாட்டார். என் பையன் ஆசைப்பட்ட பொண்ணைப் பத்தி நான் மெதுவா ஆரம்பிச்சுக்கிறேன். நீ நிம்மதியா மேல படிக்கப் போ." அந்த அம்மாள் ஒரு தும்மல் போட்டுவிட்டுச் செல்லமாக முறைத்தாள். "ஆனாலும் நேத்து ஒத்திகை பார்த்தப்ப தண்ணி இவ்வளவு சில்லுனு இல்லையேம்மா."